முதியோர் இல்லச் சங்கங்கள் திட்டம் போடும்போது முதலில் எண்ண வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் இல்லம் ஒன்றில் தவறு நடக்கும்போதுதான் அந்தத் துறை செய்தியாகிறது. மறுநாள் இல்ல நடத்துநர்களின் சங்கத்திலிருந்து வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை வரும். சில நாளில் பேச்சு அடங்கிவிடும். அந்தச் சங்கம் ஆண்டுதோறும் வாங்கும் சந்தா எதற்குச் செலவாகிறது, அடுத்த மூன்று ஆண்டில் எதைச் செய்து முடிக்கப்போவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்க நினைக்கும் குடும்பத்தை அந்தத் தீர்மானம் நேரடியாகத் தொடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2030-இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயது நிறைந்தவராக இருப்பார். 2050-இல் அந்த வயதினர் 210 கோடிப் பேர். 2021-இல் மறதிநோயுடன் வாழ்ந்தவர்கள் 5.7 கோடி, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அது புதிதாக வருகிறது. சங்கங்களின் திட்ட அறிக்கைகளில் இந்த எண்கள் முதல் பக்கத்திலேயே வந்துவிடும், தேவை வளர்கிறது என்று காட்டுவதற்காக. அதே அமைப்பு சொல்லும் இன்னொரு எண்ணை அந்தப் பக்கத்தில் பார்ப்பது அரிது. முதியோர் பராமரிப்பு நிறுவனங்களில் வேலை செய்வோரில் மூவரில் இருவர், கடந்த ஓராண்டில் முதியவர் ஒருவரிடம் ஏதோ ஒரு வகையில் தவறாக நடந்துகொண்டதாகத் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். அடித்தல், கட்டிப்போடுதல் மட்டும் இதில் அடக்கம் என்று நினைக்க வேண்டாம். அதட்டுவது, தூங்கவைக்க மருந்தைக் கூட்டுவது, செய்ய வேண்டிய பராமரிப்பைச் செய்யாமல் விடுவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு.

சங்கத்தின் திட்டம் இந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் வேண்டுகோள். தொழில் கணக்குப் பார்த்தாலும் இதுதான் சரி. ஒரு மோசமான இல்லத்தால் நூறு நல்ல இல்லங்களின் பெயர் கெடுகிறது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கும் குடும்பத்துக்கு நல்லதையும் மோசமானதையும் பிரித்துப் பார்க்க ஒரு பொது அளவுகோல் கையில் இல்லை. தனித்தனி இல்லங்களால் அந்த அளவுகோலை உண்டாக்க முடியாது. மாநாடு நடத்தவும் பயிற்சி கொடுக்கவும் வெளியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லா இல்லங்களையும் ஒரே விதமாக எண்ணவைக்கச் சங்கத்தால்தான் முடியும்.

திட்டம் போடுவதற்கு ஐந்து மாதம், சரியாகச் சொன்னால் 22 வாரம், ஒதுக்கினால் போதும். புது நிதியாண்டு தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது பொதுக்குழு ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்க நாளைக் குறிக்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய பிறகு வரும் மூன்றாண்டுத் திட்டத்துக்குக் காசு இருக்காது. முதல் மூன்று வாரத்தில் செயற்குழு ஒரு தீர்மானம் போட்டு, திட்டக் குழுவை அமைத்து, அதன் அதிகாரத்தை எழுத்தில் தர வேண்டும். ஏழு பேருக்குக் குறையாமலும் ஒன்பது பேரைத் தாண்டாமலும் இருந்தால் வேலை நடக்கும். பெரிய குழுமங்களிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். முப்பது படுக்கைக்குக் குறைந்த இல்லம் நடத்துபவர் ஒருவர், இல்லத்தில் பணிபுரியும் மூத்த செவிலியர் ஒருவர், இல்லவாசிகளின் தரப்பில் இருவர் கட்டாயம். இல்லவாசிக்கு ஒரே ஓர் இடம் கொடுத்தால் அவர் பேசத் தயங்குவார்; இருவர் இருந்தால் ஒருவர் பேச்சை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். உணவு, மென்பொருள், காப்பீடு விற்கும் இணை உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கலாம். தரம் பற்றிய வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு இருக்கக் கூடாது.

அடுத்த ஆறு வாரம் கேட்பதற்கு. இந்தக் கட்டத்தில் பல சங்கங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு கேள்வித்தாளை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிறவர்கள் ஏற்கெனவே சங்கத்தோடு நெருக்கமானவர்கள். சந்தா கட்டிவிட்டு ஒரு கூட்டத்துக்கும் வராதவர்கள், கடந்த மூன்று ஆண்டில் விலகிப்போனவர்கள், சேரவே மறுத்தவர்கள் ஆகிய மூன்று வகையினரிடமும் தலா ஐந்து பேரையாவது நேரில் பார்த்துப் பேச வேண்டும். விலகியவர்களிடம் ‘ஏன் விலகினீர்கள்’ என்று கேட்டால் சந்தா அதிகம் என்றுதான் பதில் வரும். ‘சங்கத்தில் இருந்தவரை எதற்காக எங்களைக் கூப்பிட்டீர்கள், கூப்பிட்டபோது என்ன கிடைத்தது’ என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

இல்லவாசிகளிடமும் குடும்பங்களிடமும் பேசும்போது ஒரு கவனம் தேவை. யாரிடம் பேசுவது என்பதை இல்ல மேலாளர் தேர்ந்தெடுத்தால் குறை சொல்லாதவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். அறை எண்களில் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும், பேச்சு நடக்கும் இடத்தில் பணியாளர் யாரும் இருக்கக் கூடாது. மறதிநோய் உள்ளவர்களை ஒதுக்கிவைப்பதும் தவறு. தொடக்க நிலையிலும் நடு நிலையிலும் இருப்பவர்களில் பலர், காலையில் பத்து நிமிடம் அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு எளிய கேள்விகளாகக் கேட்டால், தாங்கள் எப்படி நடத்தப்படுகிறோம் என்பதைச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்காகப் பிறர் சொல்லும் பதிலும் அவர்களே சொல்லும் பதிலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

அதற்குப் பிறகு எண்களுக்கு வர வேண்டும். துறையின் பாதிச் சச்சரவு இங்கேதான் இருக்கிறது. ‘எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது’ என்ற சாதாரணக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஓர் இல்லத்தில் 100 அறைகள். எட்டு அறைகள் பழுதுபார்க்க மூடியிருக்கின்றன. 85 அறைகளில் ஆள் இருக்கிறார்கள், இரண்டு அறைகளுக்கு முன்பதிவு ஆகியிருக்கிறது. மொத்த அறையைக் கொண்டு வகுத்தால் 85 சதவீதம். திறந்திருக்கும் 92 அறையைக் கொண்டு வகுத்தால் 92.4. முன்பதிவையும் சேர்த்தால் 94.6. மூன்றும் பொய்யில்லை. ஆனால் ஓர் இல்லம் முதல் எண்ணையும் இன்னொன்று மூன்றாவது எண்ணையும் கொடுத்து, சங்கம் அவற்றின் சராசரியை வெளியிட்டால், அந்தச் சராசரியை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கியும் புதுக் கட்டடம் எழுப்புபவரும் ஏமாந்துபோவார்கள். ஓர் அறையில் தம்பதி இருந்தால் அறையை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா என்பதையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

தடுக்கி விழுவதைக் கணக்கிடுவது இதைவிட முக்கியம். உலகில் ஆண்டுக்கு 6.84 லட்சம் பேர் விழுந்ததால் இறக்கிறார்கள், அதில் 60 வயதைக் கடந்தவர்களே மிக அதிகம். ஓர் இல்லத்தில் மாதம் ஒன்பது பேர் விழுந்தார்கள், இன்னொன்றில் ஆறு பேர் என்றால் எது மேல்? முதல் இல்லத்தில் 60 பேர், 30 நாள், ஆக 1,800 ஆள்-நாட்கள். ஒன்பதை 1,800-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் ஆயிரம் ஆள்-நாளுக்கு 5. இரண்டாவதில் 20 பேர்தான், 600 ஆள்-நாட்கள், ஆகவே 10. குறைந்த எண்ணிக்கை சொன்ன இல்லத்தில் விழும் வாய்ப்பு இரண்டு மடங்கு. இதோடு முடியவில்லை. யாரும் பார்க்காதபோது தரையில் கிடந்து கண்டெடுக்கப்பட்டவர் விழுந்தவர்தானா? பணியாளர் தாங்கிப்பிடித்து மெல்லத் தரையில் உட்காரவைத்தால் அது கணக்கில் வருமா? கட்டிலிலிருந்து பக்கத்து மெத்தையில் உருண்டவர்? ஒவ்வொன்றுக்கும் ‘சேரும்’, ‘சேராது’ என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லா இல்லத்துக்கும் அனுப்பாவிட்டால் வருகிற எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே முடியாது. சின்ன இல்லத்தில் ஒரே மாதத்தில் ஒருவர் நான்கு முறை விழுந்தால் விகிதம் எங்கேயோ போய்விடும். அதனால் மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.

வந்து சேருகிறவர்களின் உடல்நிலையும் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதிகப் பராமரிப்பு தேவைப்படுபவர்களை ஏற்றுக்கொள்ளும் இல்லம் தண்டிக்கப்பட்டதாகிவிடும். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, உண்ணுதல் என்ற ஆறு செயல்களைக் கொண்டு 1963-இல் சிட்னி காட்ஸும் அவர் குழுவினரும் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆறுக்கு எத்தனை என்று குறிக்கச் சில நிமிடம் போதும். சங்கம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. நேர்மையாக எண்ணத் தொடங்கிய முதல் ஆண்டில் விழுதல், படுக்கைப் புண், மருந்து மாறிக் கொடுத்தல் எல்லாமே கூடியதுபோலத் தெரியும். இதுவரை எழுதாமல் விட்டவை இப்போது ஏட்டில் ஏறுவதுதான் காரணம். இதை முன்கூட்டியே செயற்குழுவில் சொல்லிவைக்காத சங்கங்களில், இரண்டாவது காலாண்டு அறிக்கையைப் பார்த்துப் பதறி, திட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். முதல் நான்கு காலாண்டுக்கு மொத்த எண்ணை மட்டும் வெளியிடுவது, ஒவ்வோர் இல்லத்துக்கும் அதன் எண்ணையும் துறையின் நடு மதிப்பையும் தனியாக அனுப்புவது, ஐந்தாவது காலாண்டிலிருந்து ஒப்புக்கொள்ளும் இல்லங்களின் பெயரோடு வெளியிடுவது என்று படிப்படியாகப் போகலாம். படிகளுக்கு நாள் குறிக்க வேண்டும். நாள் குறிக்காத படி அப்படியே நின்றுவிடும்.

பணியாளர் விலகல் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 40 பணியிடங்கள் உள்ள இல்லத்தில் ஆண்டுக்கு 30 பேர் விலகினால் விலகல் விகிதம் 75 சதவீதம். கேட்டால் இல்லமே காலியாவதுபோல் இருக்கும். ஆனால் ஆறு இடங்களில் மட்டும் தலா ஐந்து முறை ஆள் மாறி, மற்ற 34 பேரும் ஆண்டு முழுக்க அப்படியே இருந்திருந்தால், நிலைத்தவர்கள் 85 சதவீதம். விலகல் எல்லா இடங்களிலும் பரவியிருக்கும் இல்லத்தில் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் மாற்றியாக வேண்டும். சில இடங்களில் மட்டும் ஆள் மாறும் இல்லத்தில் அந்த ஆறு இடம் எவை என்று தேடிப்போனால் பெரும்பாலும் இரவுப் பணியோ, ஒரே மேற்பார்வையாளரின் கீழுள்ள பிரிவோ, சேர்ந்த முதல் மாதத்தில் துணைக்கு ஆள் போடாததோ காரணமாக இருக்கும். சங்கம் விலகலையும் நிலைத்தலையும் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்; ஒன்றை மட்டும் வாங்கினால் தவறான பயிற்சித் திட்டத்தில் பணம் போடுவார்கள்.

ஆள் பற்றாக்குறை பேச்சு வந்தாலே, ‘நம் உறுப்பினர்கள் ஒருவர் பணியாளரை மற்றவர் இழுக்கக் கூடாது என்று முடிவெடுப்போம்’ என்று யாராவது எழுந்து சொல்வார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். போட்டியாளர்கள் கூடி விலையையும் சம்பளத்தையும் முடக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் பல நாடுகளில் உண்டு, அதற்கு இது எதிரானது. மாதக் கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று கூட்டத்தில் பேசுவதும் அப்படியே. போட்டியாளர்கள் ஒன்றுகூடும் இடம் என்பதால் சங்கத்தின் கூட்டத்துக்கு எழுதிய நிகழ்ச்சி நிரலும், உடனுக்குடன் எழுதும் குறிப்பேடும், பேச்சு தடம் மாறினால் நிறுத்தும் அதிகாரம் கொண்ட ஒரு வழக்குரைஞரும் தேவை. கட்டணம், சம்பளம் பற்றிய தரவைத் திரட்டுவதானால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் மருத்துவத் துறைக்கென 1996-இல் வந்த வழிகாட்டுதலில் ஒரு பாதுகாப்பு எல்லை இருந்தது: வெளியார் ஒருவர் திரட்ட வேண்டும், தரவு மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும், ஒவ்வோர் எண்ணுக்கும் ஐந்து நிறுவனங்களாவது பங்களித்திருக்க வேண்டும், எந்த ஒரு நிறுவனத்தின் பங்கும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2023-இல் அந்த வழிகாட்டுதலையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, பழைய எல்லைக்குள் நின்றாலும் காப்பு உண்டு என்று சொல்ல முடியாத நிலை. விழுதல், புண், விலகல் போன்ற தரத் தரவில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அங்கிருந்து தொடங்க அதுவும் ஒரு காரணம்.

பன்னிரண்டாவது வாரத்தில் எல்லாம் கைக்கு வந்திருக்கும். இருபது பக்கத்துக்கு மிகாமல் எழுதி, பத்து நாள் முன்னதாக அனுப்பி, இரண்டு நாள் கூட்டம் போட வேண்டும். கூட்டத்தை நடத்துபவர் சங்கத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். மூத்த உறுப்பினர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் வழியிலேயே போய்விடுவார்கள் என்பதால், ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாரும் ஐந்து நிமிடம் தாளில் எழுதிவிட்டு, மிகப் புதிய உறுப்பினரிடமிருந்து வாசிக்கத் தொடங்குவது நல்ல வழக்கம். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புவதில் அரை நாளுக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கட்டங்களை நிரப்புவது சுகமான வேலை, அதில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உண்மையான வேலை இரண்டாம் நாள் மதியம், எதைக் கைவிடுவது என்ற கேள்வியில்தான் வருகிறது.

கைவிடாமல் முடியாது என்பதை மணிக்கணக்கு காட்டிவிடும். உதாரணத்துக்கு நான்கு முழுநேர ஊழியர் உள்ள சங்கம். வாரம் 40 மணி, 52 வாரம் என்றால் ஓர் ஆளுக்கு 2,080 மணி. விடுமுறை, நோய், பயிற்சி போகக் கையில் நிற்பது 1,700. நான்கு பேருக்கு 6,800. ஆண்டு மாநாட்டுக்கு 2,000 மணி போகிறது, உறுப்பினர் கேள்விகளுக்கும் செய்திமடலுக்கும் 1,400, துணைக்குழுக்களுக்குக் கூட்டம் கூட்டிக் குறிப்பெழுத 1,000, அரசுக் கடிதப் போக்குவரத்துக்கு 900, சந்தா வசூல், கணக்கு, தணிக்கைக்கு 600. ஆக 5,900. மிச்சம் 900 மணி. தரவுப் பணிக்கு முதல் ஆண்டு 700, இல்லத்தில் சேரும் குடும்பங்களுக்கான ஒப்பந்தத்தைச் சீராக்கும் வேலைக்கு 500, பணியாளர் பயிற்சிக்கு 600 என்றால் 1,800 தேவை. பாதிக்குப் பாதி துண்டு விழுகிறது. கடந்த ஓராண்டில் ஒரு முடிவும் எடுக்காத துணைக்குழுக்களைக் கலைத்தால் 450 கிடைக்கலாம். மாநாட்டை மூன்று நாளிலிருந்து இரண்டு நாளாக்கி, அரங்கு ஏற்பாட்டை வெளியில் கொடுத்தால் இன்னொரு 450. இப்படிக் கூட்டிக் கழித்த பக்கம் ஒன்று இல்லாத எந்தத் திட்டத்தையும் பொதுக்குழு ஏற்கக் கூடாது. பதினான்கு இலக்குகளோடு பளபளப்பாக அச்சான திட்டங்கள் எட்டாவது மாதத்தில் நின்றுபோவதற்கு உறுப்பினர்களின் சோம்பலைக் காரணம் சொல்வார்கள். அந்த மணிகள் முதலிலிருந்தே இருக்கவில்லை.

பணத்திலும் இதே பார்வை வேண்டும். வருமானத்தில் பாதி மாநாட்டிலிருந்து வரும் சங்கம், மாநாட்டுக்குப் பணம் தரும் விற்பனையாளர்களின் முகம் பார்த்தே நடக்க நேரிடும். 2020-இல் கூட்டங்கள் ரத்தானபோது அப்படிப்பட்ட சங்கங்களுக்கு என்ன நேரிடும் என்பது தெரிந்துவிட்டது. ஆறு மாதச் செலவுக்கு ஈடான காப்பு நிதியைச் சேர்க்கும் வரை புதிய பொறுப்புகளை ஏற்காமல் இருப்பது உத்தமம். சந்தாவைப் படுக்கை எண்ணிக்கைப்படி வாங்கினால் நான்கைந்து பெரிய குழுமங்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் கட்டும் நிலை வரலாம். அதில் இரண்டு குழுமங்கள் விலகினால் சம்பளம் கொடுக்க முடியுமா என்று முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கீழ் வரம்பும் மேல் வரம்பும் வைத்த சந்தா, தர விதிகளுக்கு மட்டும் உறுப்பினர் எண்ணிக்கையிலும் படுக்கை எண்ணிக்கையிலும் இரண்டிலும் பெரும்பான்மை தேவை என்ற துணைவிதி, இவை இரண்டும் இருந்தால் பெரியவர்கள் சிறியவர்களை அமுக்கவும் முடியாது, சிறியவர்கள் கூடிப் பெரியவர்களைத் துரத்தவும் முடியாது.

குடும்பங்களைப் பொறுத்தவரை அடுத்த இடம் ஒப்பந்தத்துக்கு. சேரும்போது கட்டும் பெரிய முன்பணம் திரும்பக் கிடைக்காமல் தவிப்பது பல இடங்களில் நடக்கிறது. எல்லாவற்றையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. பழைய இல்லவாசிகளின் முன்பணத்தைக் கொண்டு அடுத்த கட்டடத்தைக் கட்டுகிறார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் புதிதாக வருபவர் கட்டும் முன்பணத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. அறைகள் நிரம்பும் வரை எல்லாம் சரியாகவே ஓடும். இரண்டு ஆண்டு தொடர்ந்து நிரம்பாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும், அப்போது 80 வயதில் ஒருவர் இருப்பிடத்தையும் சேமிப்பையும் சேர்த்து இழக்கிறார். சங்கம் தன் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே வடிவில் ஒரு பக்கத் தகவல் தாளைக் கட்டாயமாக்கலாம். முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும், அல்லது அறைக்கு வேறு ஆள் வந்த பிறகுதானா. அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா. கடந்த ஐந்து ஆண்டில் மாதக் கட்டணம் எத்தனை சதவீதம் ஏறியது. உடல்நிலை எந்த அளவுக்கு மோசமானால் வெளியேறச் சொல்வார்கள். இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர். கையெழுத்துக்கு ஏழு நாள் முன்பாவது அந்தத் தாள் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று சங்கம் சொல்லவில்லை, அதை எப்படி எழுதிக் காட்டுவது என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே இதைப் போட்டிச் சட்டத்தோடு மோதாமல் செய்துவிடலாம்.

விதி போட்டால் மீறுபவரை என்ன செய்வது? சந்தா கட்டுபவரே குற்றவாளி, சந்தா வாங்குபவரே நீதிபதி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐந்து பேர் கொண்ட குழுவில் நடத்துநர்கள் இருவருக்கு மேல் இல்லாமல், மற்ற மூவரும் முதியோர் மருத்துவம், சட்டம், இல்லவாசிக் குடும்பம் ஆகிய தரப்பிலிருந்து வரட்டும். புகார் வந்ததும் எழுத்தில் விளக்கம் கேட்டு 30 நாள் அவகாசம், நேரில் பார்வை, திருத்திக்கொள்ள 90 நாள், அதற்கும் பிறகுதான் நீக்கம் என்று படிகளைத் துணைவிதியிலேயே எழுதிவிட்டால் நீதிமன்றத்திலும் நிற்கும். உயிருக்கு ஆபத்து என்றால் இந்தப் படிகளுக்குக் காத்திருக்காமல் அன்றே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரியை மறந்துவிடக் கூடாது. நீக்கப்பட்ட இல்லத்தின் பெயரை வெளியிடாத சங்கம் அந்த நீக்கத்தால் யாரையும் காப்பாற்றவில்லை.

உரிமம் வழங்கும் சட்டம் திட்டக் காலத்துக்குள் வந்துவிட்டால் என்ன, வராவிட்டால் என்ன. வேலைக்கு ஆள் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று நான்கு நிலைகளில் திட்டத்தை வைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். பொது வரையறையும் நேர்மையான எண்ணிக்கையும் நான்கிலும் பயன்படும். சட்டம் வந்தால், அரசு தானாக ஒன்றை எழுதுவதற்குள் நடைமுறையில் சோதித்த ஒன்று சங்கத்தின் கையில் இருக்கும்.

திட்டங்கள் சாகும் இன்னோர் இடம் தலைவர் மாறும் நாள். பதவிக்காலம் ஓராண்டு, திட்டம் மூன்றாண்டு என்றால் ஒவ்வொரு புதுத் தலைவரும் தம் பெயர் சொல்ல ஒரு புது முயற்சியைத் தொடங்குவார். பழையது பின்னுக்குப் போகும். செயற்குழுவில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் ஓய்வுபெறும்படி பதவிக்காலத்தை அமைப்பதும், இன்றைய தலைவரோடு அடுத்த தலைவரும் திட்டத்தில் கையெழுத்திடுவதும் இதைக் குறைக்கும். காலாண்டுக்கு ஒருமுறை 90 நிமிடம் திட்டத்துக்கென்றே செயற்குழு கூட வேண்டும். அங்கே பார்க்க வேண்டிய எண், எத்தனை உறுப்பினர்கள் சேர்ந்தார்கள் என்பதைவிட, எத்தனை இல்லங்கள் தொடர்ந்து நான்கு காலாண்டும் தரவு கொடுத்தன என்பது. புதிய யோசனை ஒன்றைக் கொண்டுவருபவர், அதற்கு இடம் விட எதை நிறுத்துவது என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லா உறுப்பினரும் ஒப்புக்கொண்ட பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் எதுவும் தொடங்காது. 120 உறுப்பினரில் 15 பேர் தயாராக இருந்தால் அவர்களோடு முதல் காலாண்டைத் தொடங்கி, விழுதல், படுக்கைப் புண், பணியாளர் நிலைத்தல் என்ற மூன்றே எண்களைத் திரட்டலாம். மற்றவர்கள் சேர்வதற்குக் கடைசி நாள் குறித்து, அதன் பிறகு தரவு கொடுப்பதை உறுப்பினர் தகுதியில் சேர்த்துவிடலாம். தங்கள் நாளிதழ் முதியோர் இல்லங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, சங்க நிர்வாகிகளிடம் கருத்துக் கேட்பதோடு, அந்த மூன்று எண்களையும் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறோம். ‘இன்னும் திரட்டவில்லை’ என்று பதில் வந்தால், எந்தக் காலாண்டிலிருந்து தருவார்கள் என்ற தேதியையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புத் துறை சார்ந்த வாசகர்கள்